சூட்டுப்பெட்டிக்குள் போன பிக்கப்

அத்தியாயம் பதினொன்று

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் யாரும் யாரோடும் முழு வாக்கியம் பேசவில்லை. ஊர் ஊராகப் போய் வாசிக்கும் ஒரு குழு கிட்டாருக்கு ஆள் தேடுகிறது, வியாழக்கிழமை மதியம் வாசித்துக் காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சின்னவள் சொன்னதுதான் தாமதம், அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டான்.

"அப்ப கடையில மோட்டாருக்குக் காயில் யாரு கட்டுறது? உன் கிட்டாரா?"

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. தட்டைப் பார்த்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கிட்டார்ல புதுசா என்னமோ மாத்தினியே, அது நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்குப்பா. சத்தத்த ரொம்ப ஏத்தினாத்தான் கீச்சுன்னு கத்துது. உள்ள காயில் கொஞ்சம் லூசா இருக்கு. மெழுகுல முக்கினா சரியாயிடும். அப்புறம் பண்ணிக்கிறேன்."

அப்பா கேட்டாரே என்ற சந்தோஷத்தில் விவரமாகச் சொன்னாள். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இன்று வியாழக்கிழமை.

காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் மூக்கு சுருங்கியது. வார்னிஷ் வாடை அவளுக்குப் புதிது இல்லை. அவள் தலைமுடியிலும் துணியிலும் அது குடியிருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் பழகிவிட்டது. இன்று அதற்குள் வேறொன்று கலந்திருந்தது. தலைவாரும் சீப்பு எரிந்த மாதிரி ஒரு நாற்றம்.

சூட்டுப்பெட்டியைத் திறந்தாள்.

பழைய இரும்பு பீரோ ஒன்றுக்குள் ஹீட்டர் மாட்டி அப்பா செய்த பெட்டி அது. கட்டி முடித்த மோட்டார் காயிலை வார்னிஷில் முக்கி அதற்குள் வைத்தால், கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். அசையாத காயில் இரையாது. அந்தப் பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. புதுச் சாமான் எதுவானாலும், அதன் ஓரத்தில் கத்தியால் ஒரு சீவல் எடுத்துத் தீக்குச்சி காட்டிப் பார்க்க வேண்டும். கருகினால் உள்ளே போகலாம். உருகினால் போகக் கூடாது. கடைக்கு வேலை பழக வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாள் அப்பா சொல்லிக்கொடுத்தது அதுதான். பெட்டிக்குப் பக்கத்துச் சுவர் தீக்குச்சி உரசி உரசிக் கறுத்துக் கிடந்தது.

மேல்தட்டில் ஃபேன் காயில்கள். கீழ்த்தட்டில், பழைய செய்தித்தாளின் மேல், அவளுடைய இரண்டு பிக்கப்புகள்.

கிட்டாருக்குப் பிக்கப் என்பது காது மாதிரி. கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து, அவை அதிர்வதைக் கேட்டு, ஒயர் வழியாக ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அனுப்பும். காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி கனத்தில் காயிலும், அவ்வளவுதான். அவள் வாங்கியது மலிவான கிட்டார். மரம் நல்ல மரம், கழுத்தும் நேராக இருந்தது. காதுதான் செவிடு. என்ன வாசித்தாலும் போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி கேட்டது. வேறு கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காயில் கட்டிக் கொடுத்து, நல்லதாக ஒரு ஜோடி வாங்கி, தன் கையாலேயே மாற்றினாள். முதன்முதலில் அதை மீட்டிய அன்று இவ்வளவு நாள் இந்தக் கிட்டார் இதைத்தான் சொல்ல வந்ததா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அந்த ஜோடி வாயைக் கோணிக்கொண்டு கிடந்தது. பிளாஸ்டிக் கூடு வளைந்து, காந்தங்கள் பக்கவாட்டில் சரிந்து, மேலெல்லாம் பழுப்பு நிறத்தில் வார்னிஷ். மீட்டரை எடுத்து இரண்டு முனையிலும் வைத்தாள். முள் அசையவில்லை. அடுத்ததிலும் வைத்தாள். அதுவும் செத்திருந்தது.

பரண் மேலிருந்து கிட்டார் பையை இறக்கிப் பிரித்தாள். உள்ளே கிட்டார், நெஞ்சில் இரண்டு குழிகளோடு. அறுத்த ஒயர்கள் தொங்கின. கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தது.

"யாரு வச்சது இத?"

பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டாருக்கு இன்சுலேஷன் தாள் நறுக்கிக்கொண்டிருந்த அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் உள்ளே வந்துவிட்டான். பெட்டிக் கதவைப் பார்த்தான். தங்கச்சி கையைப் பார்த்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"நான்தான் வச்சேன். என்ன இப்ப?"

"என்ன இப்பவா? இது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"காயில். கத்துதுன்னு நீதானே சொன்ன? கத்துற காயிலுக்கு இந்தக் கடையில என்ன வைத்தியம்? வார்னிஷ்ல முக்கிப் பெட்டியில வைக்கிறது. வச்சேன். நல்லது பண்ணா..."

"நல்லதா! யாரு பண்ணச் சொன்னா? ஒரு வார்த்த கேட்டியா? வாய என்ன வாடகைக்கு விட்டிருந்தியா?"

"வீட்டுச் சாமான எடுக்க எவன்கிட்டடி மனு போடணும்?"

"வீட்டுச் சாமானா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "என் சைக்கிள் வீட்டுச் சாமான். என் குடை வீட்டுச் சாமான். என் ஞாயித்துக்கிழம வீட்டுச் சாமான். நானே வீட்டுச் சாமான்தான. அந்த ஸ்பேனர் மாட்டுற ஆணி இருக்கு பாரு, அதுல என்னையும் மாட்டிடு!"

"கத்தாத. ரோட்டுல ஆள் போவுது."

"போகட்டும். கேட்கட்டும். தீக்குச்சி காட்டினியா? ஒரு சீவல் எடுத்தியா? பிளாஸ்டிக்குன்னு குருடனுக்குக் கூடத் தெரியுமே!"

"அதெல்லாம் யாரு பாத்தா."

"வேணும்னே பண்ணிருக்க. இன்னிக்கு நான் போகக் கூடாதுன்னு."

"ஆமா, உன் கச்சேரியக் கெடுக்க நான் கட்டம் கட்டித் திட்டம் போட்டேன். எனக்கு வேற வேல இல்ல பாரு. ஐஸ் ஃபேக்டரி மோட்டார் பாதியில கெடக்கு. அந்தாளு தினம் மூணு தடவ வந்து என் கழுத்தப் புடிக்கிறான்."

"அதக் கட்டுறது யாரு? நீயா? நாளைக்கு நாளைக்குன்னு நீ வாயால கட்டுற காயில் எந்த மோட்டார்லயும் சுத்தாது."

அது அவனுக்குச் சுட்டது. தெருவில் அவனுக்கு 'நாளைக்கு' என்றுதான் பேர். பழுது பார்க்கக் கொடுத்தவர்கள், "நாளைக்கு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள்.

மேசையில் கிடந்த மரச்சுத்தியலை அவள் எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். மேசையில்தான். திருகாணிகள் எகிறி நாலாபக்கமும் ஓடின. அந்த நேரம் பார்த்து ஒருவர் ஃபேனைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே பார்த்தார்.

"நான் அப்புறமா வரேன்."

"நாளைக்கு வாங்க," என்றான் அண்ணன், பழக்கதோஷத்தில்.

அவர் போன வேகத்துக்கு எதிரே அண்ணி வந்தாள். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்குப் பத்து மணி ஷிப்ட். போகிற வழியில் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

"தெரு முனை வரைக்கும் கேட்குது. டிக்கெட் போட்டு வித்திருக்கலாம்." ஃபிளாஸ்கை வைத்தவள் கிட்டாரைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். "ஐயோ. யாரு இப்படிப் பண்ணது?"

"உங்க புருஷன்தான். நல்லது பண்ணாராம்."

அண்ணி குனிந்து, சுருட்டிக் கட்டியிருந்த கம்பிகளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் தனி நூல், தனி முடிச்சு. தடித்த கம்பி கீழே, மெல்லியது மேலே, வரிசை மாறாமல்.

"இவரா? கழட்டுன சட்டைய ஒழுங்கா ஆணியில மாட்டத் தெரியாது இவருக்கு. இவரு இப்படி நூல் போட்டுக் கட்டுவாரா? நல்லா பாரு சின்னவளே. அந்தப் பெட்டிக்கு சுவிட்ச் எந்தப் பக்கம்னு கேளு, முழிப்பாரு."

"உனக்கு ஷிப்டுக்கு நேரமாவல?" என்று அண்ணன் உறுமினான்.

"ஆவுது. இந்த வீட்டுல நல்லது பண்ணாத ஆளு நான் ஒருத்திதான், போறேன்." அண்ணி போகிற போக்கில் மாமனார் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அதோடு படியிறங்கிவிட்டாள்.

 தாள் நறுக்கும் கத்தரிக்கோல் சத்தம் நின்று வெகுநேரமாகிவிட்டது என்பது அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது.

"நான்தாம்மா," என்றார் அப்பா.

அவள் திரும்பினாள்.

"அவன் இல்ல. நேத்து நீ பம்புசெட்டக் குடுக்கப் போயிருந்தப்ப நான்தான் எடுத்து வச்சேன். கத்துதுன்னு சொன்னியே. நாலு பேர் முன்னாடி அது கத்தி, அவங்க சிரிச்சாங்கன்னா... அதான்."

"தீக்குச்சி காட்டலையாப்பா?"

அப்பா கையிலிருந்த தாளைப் பார்த்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஓடுகிற பெல்ட்டில் மாட்டிய விரல்கள். அதற்குப் பிறகு அவர் காயில் கட்டுவதில்லை. தாள் நறுக்குவதும் வார்னிஷில் முக்குவதும் பெட்டியில் வைப்பதும்தான் அவர் வேலை. கட்டுவதெல்லாம் சின்னவள்.

"மறந்துட்டேன்," என்றார். "வயசாச்சுல்ல."

அண்ணன் மேல் எதையும் எறியலாம். அவன் திருப்பி எறிவான், கணக்கு நேராகிவிடும். இவர் மேல் என்னத்தை எறிவது? 

"நீ எதுக்குப் பொய் சொன்ன?" என்று அண்ணனிடமே திரும்பினாள்.

"அவரு மூஞ்சியப் பாத்தியா? நீ வந்த வரத்துக்கு அந்த மனுஷன் கீழ விழுந்திருப்பாரு. என்னைத் திட்டினா எனக்கு ஒட்டாது. தெருவே திட்டுது." அவன் குரல் இறங்கியிருந்தது. "வயசான மனுஷன். மறந்துட்டாரு. விடு."

"எப்படி விடுறது? ரெண்டு பேரும் சொல்லுங்க, எப்படி விடுறது?" அவள் அப்பாவைப் பார்த்தாள். "நல்லது பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா. மெழுகுன்னு சொன்னேனே. வார்னிஷ்னு சொன்னேனா? நான் சொன்னதுல பாதி மட்டும் எப்படி உங்க காதுல விழுந்துச்சு?"

அப்பா கத்தரிக்கோலை எடுத்து, நறுக்கி வைத்த தாளையே மறுபடி நறுக்கினார்.

கடிகாரம் பத்தை நெருங்கிவிட்டது. இரண்டு மணிக்கு அவள் அங்கே நிற்க வேண்டும். வேறு கிட்டார் கேட்டு வாங்க ஆள் இல்லை. புதுப் பிக்கப் வாங்கக் கடை இருக்கும் இடத்துக்குப் பாதி நாள் பயணம்.

அவள் பார்வை மூலையில் நின்ற டிரம்முக்குப் போனது.

எரிந்துபோன மோட்டார்களிலிருந்து உருவிய பழைய செம்புக் கம்பியைப் போட்டு வைக்கும் டிரம் அது. கிட்டாரோடு வந்த பழைய பிக்கப்புகளைக் கழற்றிய அன்று அவள் அவற்றை அதற்குள்தான் எறிந்தாள். ஒன்றைக் கொஞ்சம் உயரத்திலிருந்தே எறிந்தாள், அவ்வளவு எரிச்சல் அவற்றின் மேல்.

டிரம்மை அப்படியே கவிழ்த்தாள். கருகிய கம்பிச் சுருள்கள் தரையில் பாம்புக் கூட்டம் மாதிரி சரிந்தன. மண்டியிட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தள்ளினாள். கம்பி முனைகள் முழங்கை வரைக்கும் கீறின. அண்ணன் குனிந்து கை வைத்தான்.

"தொடாத!"

கையை எடுத்துக்கொண்டான்.

முதலில் கிடைத்தது நசுங்கிப் போயிருந்தது. மேலே எதுவோ கனமாக விழுந்து காந்தத்தையே உடைத்திருந்தது. இரண்டாவது அடியில் கிடந்தது, கரியும் தூசியுமாக. துணியால் துடைத்து மீட்டரை வைத்தாள். முள் எழுந்து நின்றது.

 அவள் மூக்கைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள்.

ஒயர் கட்டையாக இருந்தது, ஒட்டுப் போட்டாள். மோட்டாருக்கு வைக்கும் பெரிய சால்டரிங் கம்பியை வைத்தால் எல்லாம் பொசுங்கிவிடும் என்று சின்னதைத் தேடி எடுத்து ஈயம் வைத்தாள்.  இரண்டு தடவை ஈயம் உருண்டு கீழே விழுந்தது.

"எர்த் ஒயர மொதல்ல..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"பேசாதீங்கப்பா."

கம்பிகளை நூல் பிரித்து மாட்டினாள். முடிச்சுகள் ஒரே இழுப்பில் அவிழ்ந்தன. அப்பா போடும் முடிச்சு அப்படித்தான், இறுகவும் செய்யும், இழுத்தால் விடவும் செய்யும். அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

பிக்கப் ஒரு குழியை அடைத்தது. இன்னொரு குழி திறந்தே கிடந்தது. கேட்டால் காட்டலாம் என்று உருகிய பிக்கப்புகளில் கைக்கு வந்த ஒன்றைப் பையின் பக்கவாட்டில் செருகிக்கொண்டாள்.

"வண்டில கொண்டு விடுறேன்," என்றான் அண்ணன்.

"பஸ் இருக்கு."

வாசித்துக் காட்ட வரச் சொன்ன இடம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. ஏறும்போதே படிகள் அதிர்ந்தன. உள்ளே யாரோ டிரம்ஸை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவை நடத்துகிறவளே டிரம்ஸ்காரிதான். நடு வயது, கிராப்பு வெட்டிய தலை, கழுத்தில் துண்டு, விரல்களில் பிளாஸ்திரி. முன்னால் வந்த பையனைக் கேட்டு முடித்து, "சொல்லியனுப்புறோம் தம்பி" என்று அனுப்பிவிட்டு இவளைப் பார்த்தாள். கிட்டாரைப் பார்த்தாள்.

"என்னம்மா உன் கிட்டார் பொக்கவாயா இருக்கு?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா பயந்தாராமே, நாலு பேர் சிரிப்பார்கள் என்று. இதோ சிரிக்கிறார்கள்.

"புது பிக்கப் ரெண்டும் இன்னிக்குக் காலையில எரிஞ்சு போச்சு. இது பழசு. குப்பையிலேருந்து எடுத்து மாட்டிட்டு வந்தேன்."

"கையில என்ன ரத்தம்?"

"குப்பையில கீறினது."

டிரம்ஸ்காரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, வாசி."

ஒயரைச் சொருகியதும் ஒலிபெருக்கிப் பெட்டி இரைந்தது. ஓடாமல் மாட்டிக்கொண்ட மோட்டாரின் அதே இரைச்சல். முதல் மீட்டலில் அதே பழைய போர்வைச் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகினாள். கத்தினால் கத்தட்டும்.

கத்தவில்லை. இவ்வளவு சத்தத்தில் புதுசு ஊரையே கூட்டியிருக்கும். இது வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. மலிவுச் சாமானுக்கு எவனோ எங்கேயோ ஒழுங்காக மெழுகு ஊட்டி அனுப்பியிருக்கிறான். அது தெரியாமல் அவள் அதைத் தூக்கி எறிந்திருக்கிறாள்.

வாசித்தாள். பயின்று வந்த நுணுக்கம் எதுவும் இந்தக் காதுக்கு எடுபடாது என்று தெரிந்துவிட்டது. அதையெல்லாம் விட்டுவிட்டாள். தடித்த கம்பிகளில் இறங்கி, சுத்தியலால் அடிப்பது மாதிரி அடித்தாள். நல்லது பண்ணேன் என்பதற்கு ஒரு அடி. விடு என்பதற்கு ஒரு அடி. மறந்துட்டேன் என்பதற்கு இரண்டு. கம்பி விரலை அறுத்தது. காயில் கம்பி அறுக்காத அறுப்பா? பாதியில் எப்போதோ டிரம்ஸ்காரி குச்சிகளை எடுத்து அவளோடு சேர்ந்துகொண்டாள். சேர்ந்ததுகூட அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

முடிந்ததும் பெட்டியின் இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது.

"யாரு மேல கோவம்?" என்றாள் டிரம்ஸ்காரி.

"வீட்டுல எல்லாரு மேலயும்."

"கோவம் தீந்துட்டா?"

"அப்பவும் வாசிப்பேன். இதவிட நல்லா வாசிப்பேன்."

"விரல் கெட்டியா இருக்கே. என்ன வேல பாக்குற?"

"மோட்டார் காயில் கட்டுறேன்."

டிரம்ஸ்காரி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. "சனிக்கிழம வண்டி கெளம்புது. மழை ஆரம்பிக்கிற வரைக்கும் திரும்ப மாட்டோம். வரியா இல்லையான்னு நாளைக்குக் காலையில சொல்லு. இப்பவே தலைய ஆட்டாத. வந்துட்டு நடுவுல வீட்டு ஞாபகம் வந்து ஓடுற ஆளு எனக்கு வேணாம். நல்லா யோசிச்சுட்டு சொல்லு."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மடியில் கிட்டார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மழை வரைக்கும் என்றால் எவ்வளவு நாள், ஐஸ் ஃபேக்டரி மோட்டாரை நாளைக்குள் முடிக்க முடியுமா, முடித்தாலும் அதற்கடுத்தது வந்தால் யார் கட்டுவது என்றுதான் மனசு ஓடியது. அப்பா அந்தக் கையோடு கட்டப் பார்ப்பார். வயசான மனுஷன். மறந்துட்டார். காலையில் அவரிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

பையின் பக்கவாட்டில் கை விட்டு உருகிய பிக்கப்பை எடுத்தாள். வளைந்த கூட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தாள். அடிப்பக்கத்தின் ஓரத்தில் விரல் ஒரு இடத்தில் இடறியது.

திருப்பிப் பார்த்தாள்.

சின்ன வெட்டு. நகக்கண் அளவுகூட இல்லை. உருகிய இடமெல்லாம் மழுங்கி வழிந்திருந்தது. இது மட்டும் கத்தி வைத்துச் சீவியது. சாய்வாக, ஒரே இழுப்பில், இடமிருந்து வலமாக. அந்தச் சாய்வை எத்தனை ஆயிரம் சாமான்களின் ஓரத்தில் பார்த்திருக்கிறாள்! விரல் மடங்காத கை கத்தியை அப்படித்தான் பிடிக்கும்.

வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தாள். வெட்டின விளிம்பும் சூட்டில் லேசாக மழுங்கியிருந்தது. அப்படியென்றால் முதலில் சீவினது, பிறகு உள்ளே வைத்தது.

மறக்கவில்லை.

அவர் சீவல் எடுத்திருக்கிறார். தீக்குச்சி காட்டியிருக்கிறார். அது என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து, நடத்துனர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

கடையில் விளக்குப் போட்டிருந்தது. அண்ணன் ஷட்டரை இறக்குவதற்காகக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தான். கவிழ்ந்த டிரம்மை யாரோ நிமிர்த்தி, கம்பியெல்லாம் அள்ளிப் போட்டிருந்தார்கள். அப்பா அதே ஸ்டூலில்.

"வந்துட்டியாம்மா? என்ன சொன்னாங்க?"

அவள் கிட்டாரைச் சுவரோரம் சாய்த்தாள். சூட்டுப்பெட்டியின் மேலிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். அப்பாவின் முன்னால் மேசையில் வைத்தாள். அதன் பக்கத்தில் பிக்கப்பை வைத்தாள், வெட்டு மேலே தெரியும்படி.

"அப்பா. தீக்குச்சி காட்டினப்ப இது கருகுச்சா, உருகுச்சா?"

கத்தவில்லை. காலையில் கத்தின குரல் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பா வெட்டைப் பார்த்தார். மடங்காத விரல்கள் இரண்டும் மேசையில் நகர்ந்து அதன் மேல் போய் மூடிக்கொண்டன, யாருக்கும் தெரியக் கூடாது என்பது மாதிரி. 

"உருகுச்சு," என்றார்.

வாசலில் ஷட்டர் பாதியில் நின்றது. அண்ணன் கொக்கியைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தான்.

"அப்பா? மறந்துட்டேன்னீங்களே." அவன் தங்கச்சியைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். முகம் சிவந்துகொண்டே போனது. "அப்ப காலையில நான் யாருக்காகத் திட்டு வாங்குனேன்? சொல்லுங்கப்பா. எதுக்காக வாங்குனேன்?"

அப்பா வெட்டின் மேலிருந்த விரல்களை எடுக்கவில்லை.

"என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்கல்ல," என்றாள் சின்னவள். "சேத்துக்கிட்டாங்க. சனிக்கிழம கெளம்புறாங்க. வரேனா இல்லையான்னு நான் காலையில சொல்லணும்."

அப்பா தலையைத் தூக்கினார். அவர் கண் அவளிடம் வரவில்லை. அவளைத் தாண்டி, மேசையின் அந்தக் கோடியில் பாதி கட்டிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரி மோட்டாரிடம் போய் நின்றது.